குறையொன்றும் தெரியாத வீடுகள்: அமெரிக்கப் புறநகரின் மறைந்திருக்கும் மனச்சோர்வும் இணையவழிச் சிகிச்சையும்

அமெரிக்காவில் மனச்சோர்வை அளப்பதற்கு மருத்துவர்கள் மிகப் பரவலாகப் பயன்படுத்தும் படிவத்துக்குப் பிஎச்க்யூ-9 என்று பெயர். 2001இல் வெளியான இந்தப் படிவத்தில் ஒன்பது கேள்விகள் உள்ளன. கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் ஈடுபாடு இல்லாமல் போனதா, தூக்கம் கெட்டதா, களைப்பாக இருந்ததா, தன்னைப் பற்றியே வெறுப்பு வந்ததா, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் தோன்றியதா என்றெல்லாம் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் சுழி முதல் மூன்று வரை மதிப்பெண் இட்டு, மொத்தம் 27க்குக் கணக்கிடுவார்கள். பத்தோ அதற்கு மேலோ வந்தால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும் என்பது நடைமுறை. இந்த ஒன்பதுக்கும் கீழே, மதிப்பெண்ணில் சேராத பத்தாவது கேள்வி ஒன்றும் உண்டு: இந்தத் தொல்லைகளால் வேலை செய்வதும், வீட்டுக் காரியங்களைக் கவனிப்பதும், மற்றவர்களோடு பழகுவதும் உங்களுக்கு எவ்வளவு கடினமாகியிருக்கின்றன? முதல் ஒன்பது கேள்விகளில் 16 மதிப்பெண் பெற்றுவிட்டு, பத்தாவது கேள்விக்குச் 'சிறிதும் கடினமில்லை' என்று குறியிடும் மனிதரைப் பற்றியதே இக்கட்டுரை.

அவர் பொய் சொல்வதில்லை. வீட்டுக்கடன் தவணை தேதி தவறாமல் போய்ச் சேருகிறது, புல்வெளி வெட்டப்பட்டிருக்கிறது, பிள்ளைகள் கால்பந்துப் பயிற்சிக்கு நேரத்தில் கொண்டுவிடப்படுகிறார்கள், அலுவலகத்தில் சென்ற ஆண்டு பதவி உயர்வும் கிடைத்திருக்கிறது. இவற்றில் எதுவும் நின்றுபோகவில்லை என்பதால், தனக்கு நோய் என்று சொல்லிக்கொள்ளும் தகுதியே தனக்கு இல்லை என்று அவர் நினைக்கிறார். மருத்துவ இலக்கணம் அப்படிச் சொல்லவில்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேடு, ஒன்பது அறிகுறிகளில் ஐந்து இரண்டு வாரங்களுக்குத் தொடர்ந்து இருக்க வேண்டும் என்றும், அவற்றுள் ஒன்று தாழ்ந்த மனநிலையாகவோ ஈடுபாடின்மையாகவோ இருக்க வேண்டும் என்றும் கூறிவிட்டு, அதனால் கடுமையான வேதனையோ அன்றாடச் செயல்பாட்டில் குறைவோ ஏற்பட்டிருக்க வேண்டும் என்கிறது. இரண்டில் ஒன்று போதும். வேலை நின்றால்தான் நோய் என்பது கையேட்டின் கருத்தன்று.

வெளியில் பேசப்படும் 'சிரிக்கும் மனச்சோர்வு', 'செயல்திறன் குன்றாத மனச்சோர்வு' போன்ற பெயர்கள் அந்தக் கையேட்டில் இல்லை. இருப்பவை வேறு. குறைந்தது இரண்டு ஆண்டுகள், பெரும்பாலான நாள்களில், மங்கிய மனநிலை நீடிப்பதை நிலைத்த மனச்சோர்வுக் கோளாறு என்று அது வகைப்படுத்துகிறது. இத்தகையோர் அதை நோயாகக் கருதாமல் தம் சுபாவம் என்றே எண்ணிக்கொள்வது வழக்கம். இன்னொரு வகையில் நல்ல செய்தி வந்தாலோ நாலு பேர் கூடினாலோ மனநிலை தற்காலிகமாக உயரும். விருந்தில் அவர் உண்மையாகவே சிரிப்பார், வீடு திரும்பும் வழியில் பழைய இடத்துக்கே போய்விடுவார். விருந்தில் பார்த்தவர்களுக்குச் சந்தேகம் எழ வழியில்லை.

செயல்பாடு ஏன் கடைசிவரை தாக்குப்பிடிக்கிறது என்பதற்கு எளிய விளக்கம் உண்டு. மிச்சமிருக்கும் தெம்பு முழுவதையும் பிறர் கண்ணில் படும் கடமைகளுக்கே அவர் செலவிடுகிறார். முதலில் கைவிடப்படுபவை யார் கண்ணிலும் படாதவை: வாசிப்பு, நண்பர்களுக்குப் போடும் தொலைபேசி அழைப்பு, தாம்பத்திய நெருக்கம், காரணமின்றி நடந்துவிட்டு வருவது. மேலதிகாரிக்கும் அண்டை வீட்டாருக்கும் இவற்றில் ஒன்றுகூடத் தெரிய நியாயமில்லை. துணைவருக்குத் தெரியும், ஆனால் அவர் அதை வேலைக் களைப்பு என்றோ தன்மீதான விலகல் என்றோ புரிந்துகொள்கிறார்.

புறநகர் என்ற அமைப்புக்கும் இதில் பங்கு இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்து நாடு திரும்பிய வீரர்களுக்காக நியூயார்க்கின் லாங் ஐலண்டில் 1947 முதல் 1951 வரை கட்டப்பட்ட லெவிட்டவுன் குடியிருப்பில் ஏறத்தாழ 17,000 வீடுகள், ஏறக்குறைய ஒரே அச்சில். பின்னர் நாடெங்கும் பரவிய மாதிரி அதுதான்: தனி வீடு, தனிப் புல்வெளி, எங்கு போகவும் கார். தற்செயலாக யாரையும் சந்திக்க வாய்ப்பில்லாத இந்த அமைப்பில், மனிதர்கள் ஒருவரையொருவர் பார்ப்பது பெரும்பாலும் முன்கூட்டியே ஏற்பாடான நிகழ்ச்சிகளில்தான். அப்படிப்பட்ட நிகழ்ச்சிகளுக்கு யாரும் தயாராகாமல் வருவதில்லை. புறநகர் இல்லத்தரசிகளின் இனம்புரியாத சோர்வு 1960களிலேயே பேசுபொருளாகி, அதற்கு விடையாக மாத்திரைகள் வந்தன. 1963இல் சந்தைக்கு வந்த வேலியம், அந்தப் பதிற்றாண்டின் இறுதியிலிருந்து 1980களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் மிக அதிகமாக எழுதித் தரப்பட்ட மருந்தாக இருந்தது. வேலியம் பதற்றத்தைத் தணிக்கும் மருந்து, மனச்சோர்வுக்கானதன்று. வீட்டின் அமைதி கலையாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலையாக இருந்தது என்று சொன்னால் மிகையாகாது.

வசதி என்பது கவசம் என்ற நம்பிக்கையை ஆய்வு வழியில் உடைத்தவர்களுள் முக்கியமானவர் இந்தியாவிலிருந்து அமெரிக்கா சென்ற உளவியலாளர் சுனியா லூத்தர். நகரத்து ஏழைப் பதின்வயதினரைப் பற்றிய ஆய்வில் ஒப்பீட்டுக்காக வசதியான புறநகர்ப் பள்ளி மாணவர்களையும் அவர் சேர்த்துக்கொண்டார். 1999இல் வெளியான முடிவுகளில், ஒப்பீட்டுக்காகச் சேர்க்கப்பட்ட புறநகர் மாணவர்களிடமே போதைப் பழக்கமும் பதற்றமும் கூடுதலாக இருந்தன. சாதனையை வற்புறுத்தும் சூழலும், பெற்றோரோடு ஒரே வீட்டில் இருந்தும் நெருக்கமின்றி வளர்வதும் காரணங்களாக இருக்கலாம் என்று அவருடைய பிந்தைய ஆய்வுகள் காட்டின. போட்டி மிகுந்த உயர்சாதனைப் பள்ளிகளின் மாணவர்களை, வறுமையில் வாழும் பிள்ளைகளோடு சேர்த்து, கவனிப்புத் தேவைப்படும் பிரிவினராக அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் அறிக்கை ஒன்று 2019இல் குறிப்பிட்டது. அந்தப் பிள்ளைகளே பிறகு வளர்ந்து அதே மாதிரி வீடுகளை வாங்குகிறார்கள்.

மறைப்பதற்கு வெட்கம் மட்டுமே காரணம் என்று எண்ணுவது தவறு. சில தொழில்களில் அது கணக்குப் பார்த்து எடுக்கும் முடிவு. அமெரிக்காவின் பல மாநிலங்களில் மருத்துவர் உரிமம் கோரும் படிவங்கள் மனநலச் சிகிச்சை பெற்றதுண்டா என்று நெடுங்காலமாகக் கேட்டுவந்தன. கொரோனாத் தொற்றின் தொடக்கத்தில் நியூயார்க்கின் அவசரச் சிகிச்சை மருத்துவர் லோர்னா பிரீன் தற்கொலை செய்துகொண்ட பிறகே, அவர் பெயராலான சட்டம் 2022இல் இயற்றப்பட்டு, மருத்துவப் பணியாளர்களின் மனநலம் பொதுப் பேச்சாயிற்று. விமானிகளின் நிலை இன்னும் கடினம். மனச்சோர்வு மருந்து உட்கொண்டபடி விமானம் ஓட்ட 2010 வரை அனுமதியே கிடையாது. அதன் பின்னரும் குறிப்பிட்ட சில மருந்துகளுக்கு மட்டும், நீண்ட பரிசோதனைகளுக்குப் பின்னரே அனுமதி தரப்படுகிறது. இப்படிப்பட்ட ஒருவர் உள்ளூர் மனநல மருத்துவரின் காத்திருப்பு அறையில் பிள்ளையின் ஆசிரியரையோ சக ஊழியரையோ சந்திக்க நேர்வதை விரும்பமாட்டார்.

நியூ ஜெர்சியின் எடிசனிலும் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டிலும் வாழும் நம்மவர்களுக்கு இந்தக் கணக்கில் இன்னொரு காரணமும் சேர்கிறது. ஹெச்-1பி என்னும் வேலை விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் நாட்டில் தங்கும் உரிமையும் ஆட்டம் காணும். ஹெச்-4 விசாவில் உடன் வந்த துணைவர் 2015 வரை வேலைக்கே போக முடியாது, இன்றும் எல்லோராலும் முடியாது. ஊரில் இருக்கும் பெற்றோரிடம் ஞாயிற்றுக்கிழமைக் காணொலி அழைப்பில் புது வீட்டைச் சுற்றிக்காட்டியவர், அந்த வீட்டில் தமக்குத் தூக்கம் வருவதில்லை என்று அதே அழைப்பில் சொல்வது நடக்கிற காரியமன்று.

இணையவழிச் சிகிச்சை இந்த இடத்துக்குள்தான் நுழைந்தது. இதற்கான நிறுவனங்கள் 2012, 2013இலேயே தோன்றிவிட்டாலும், 2020இல் கொரோனா வந்து, காப்பீட்டு நிறுவனங்கள் காணொலிச் சந்திப்புக்கும் கட்டணம் தர ஒப்புக்கொண்ட பிறகே அது பொதுவழக்கமாயிற்று. 2021இன் நடுவில் அமெரிக்காவின் வெளிநோயாளர் மனநலச் சந்திப்புகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொலைவழியே நடந்தன. மற்ற துறை மருத்துவர்களிடம் நோயாளிகள் நேரில் திரும்பிவிட்டனர். மனநலத்தில் மட்டும் திரை நிலைத்துவிட்டது. மதிய உணவு இடைவேளையில் வண்டி நிறுத்துமிடத்தில் காருக்குள் அமர்ந்து, கைப்பேசியை ஸ்டியரிங் சக்கரத்தின்மேல் சாய்த்துவைத்து, ஐம்பது நிமிடம் பேசிவிட்டு அலுவலகம் திரும்பிவிடலாம். வீட்டில் தனியறை இருந்தும் காரைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஏராளம் என்பது சிகிச்சையாளர்களிடையே பழகிப்போன செய்தி.

சந்திப்பின் தொடக்கத்தில் சிகிச்சையாளர் இப்போது எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். இது உபசாரத்துக்கான கேள்வியன்று. அமெரிக்காவில் உளவியலாளருக்கான உரிமம் மாநிலம் தருவது. சிகிச்சை பெறுபவர் எந்த மாநிலத்தில் அமர்ந்திருக்கிறாரோ அங்கேதான் சிகிச்சை நடப்பதாகச் சட்டம் கொள்கிறது. நியூ ஜெர்சியில் வசிப்பவர் அலுவலகப் பயணமாகக் கலிஃபோர்னியா போனால், அந்த வாரச் சந்திப்பே சட்டச் சிக்கலாகலாம். இதைத் தளர்த்தவே சைபாக்ட் என்னும் மாநிலங்களுக்கிடையேயான உடன்பாடு உருவாகி, 2020 ஜூலை முதல் செயல்படுகிறது. 40க்கும் மேற்பட்ட மாநிலங்கள் இன்று அதில் சேர்ந்திருக்கின்றன. சென்னையிலிருக்கும் தமிழ் பேசும் ஆலோசகரிடம் காணொலியில் பேசலாமே என்று எண்ணுவோரும் இந்த விதியைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. முகவரியைக் கேட்பதற்கு இரண்டாவது காரணமும் உண்டு: உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் உதவியை எங்கே அனுப்புவது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

திரைவழியே பெரிதும் கையாளப்படுவது, பிலடெல்பியாவில் ஆரோன் பெக் 1960களில் உருவாக்கிய அறிதல்-நடத்தைச் சிகிச்சை, சுருக்கமாகச் சிபிடி. அதில் ஒரு பகுதி, ஒரு வாரத்தின் ஒவ்வொரு மணிநேரத்தையும் தாளில் எழுதி, எதைச் செய்தபோது சாதித்த நிறைவு எவ்வளவு, இன்பம் எவ்வளவு என்று இரண்டு தனித்தனி மதிப்பெண்கள் இடுவது. படுக்கையை விட்டு எழவே முடியாத நோயாளிக்கு இந்தத் தாள் வெறுமையாக இருக்கும். ஒவ்வொரு செயலாக அதில் சேர்ப்பதே அவருக்கான மருத்துவம். நம் புறநகர்க்காரரின் தாளோ காலை ஐந்தரை முதல் இரவு பதினொன்று வரை நிரம்பி வழியும். அவரிடம் இன்னும் செய்யுங்கள் என்று சொல்வது வீண். சில சமயம் கேடும்கூட. அவருடைய தாளில் நிறைவுக்கான பத்தி ஓரளவு நிறைந்தும், இன்பத்துக்கான பத்தி வாரம் முழுவதும் சுழியும் ஒன்றுமாகவும் இருப்பதை அவரே பார்க்கும்போதுதான் பேச்சு தொடங்குகிறது. எதைக் குறைப்பது, குறைத்தால் என்ன ஆகும் என்று அவர் அஞ்சுகிறார், அந்த அச்சத்தைச் சிறிய அளவில் சோதித்துப் பார்ப்பது எப்படி என்ற வரிசையில் அது போகும். ஒரு சனிக்கிழமை புல் வெட்டாமல் விடுவது அற்பமாகத் தோன்றலாம். தான் ஓய்ந்தால் எல்லாம் சரிந்துவிடும் என்று நம்புகிறவருக்கு அது பெரிய பரிசோதனை.

திரையில் இது பலிக்குமா என்ற கேள்விக்கு இன்று ஓரளவு உறுதியான விடை இருக்கிறது. சுவீடனின் ஸ்டாக்ஹோமில், கரோலின்ஸ்கா பல்கலைக்கழக மருத்துவமனையைச் சார்ந்து ஹுடிங்கேயில் இயங்கும் இணைய மனநல மருத்துவப் பிரிவு, 2007 முதலே இதை வழக்கமான அரசுச் சிகிச்சையாக வழங்கிவருகிறது. அங்கு நோயாளி பாடங்களை இணையத்தில் படித்துப் பயிற்சிகளை எழுதி அனுப்ப, உளவியலாளர் எழுத்தில் மறுமொழி தருகிறார். நேரில் நடக்கும் சிபிடியோடு இத்தகைய சிகிச்சையை ஒப்பிட்ட சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பலனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆனால் மனிதர் ஒருவர் மறுமுனையில் இருப்பது முக்கியம். இங்கிலாந்தில் யார்க் பல்கலைக்கழகத்தினர் 691 நோயாளிகளிடம் நடத்தி 2015இல் வெளியிட்ட ரீயாக்ட் சோதனையில், குடும்ப மருத்துவரின் வழக்கமான கவனிப்போடு கணினி சிபிடி நிரல்களையும் சேர்த்துக் கொடுத்தும் கூடுதல் பலன் இல்லை. பெரும்பாலோர் ஓரிரு பாடங்களோடு நிறுத்திவிட்டதே இதற்கு விளக்கமாகக் கூறப்பட்டது. லேசான மனச்சோர்வுக்கு வழிகாட்டி இல்லாத செயலியே போதுமானதாக இருக்கலாம், சோர்வு ஆழமாகும்போது வழிகாட்டியோடு கூடிய சிகிச்சையே மேல் என்று 2021இல் வெளியான பெரிய தொகுப்பாய்வு ஒன்றும் காட்டுகிறது. தன் சோர்வைக் குறைத்துச் சொல்லியே பழகியவர் தன்னை லேசான வகையில் சேர்த்துக்கொண்டு செயலியைத் தேர்ந்தெடுப்பார் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

ரகசியத்தை நம்பி வந்தவர்களுக்கு நேர்ந்ததையும் சொல்லியாக வேண்டும். இத்துறையின் மிகப் பெரிய நிறுவனங்களுள் ஒன்றான பெட்டர்ஹெல்ப், தகவல்கள் வெளியே போகாது என்று உறுதியளித்துவிட்டு, வாடிக்கையாளர்களின் மின்னஞ்சல் முகவரிகளையும், முன்பு சிகிச்சை பெற்றதுண்டா என்பது போன்ற விவரங்களையும் விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட், பின்டரெஸ்ட் உள்ளிட்ட நிறுவனங்களுக்குத் தந்தது என்று அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2023இல் குற்றம்சாட்டியது. நிறுவனம் தவற்றை ஒப்புக்கொள்ளாமலே 78 லட்சம் டாலர் தர உடன்பட்டது. அதே ஆண்டில் செரிப்ரல் என்னும் மற்றொரு நிறுவனம், 31 லட்சம் பேரின் தகவல்கள் தன் இணையதளத்தில் இருந்த கண்காணிப்பு நிரல்கள் வழியே பிறருக்குச் சென்றுவிட்டதாக அறிவித்தது. காத்திருப்பு அறையில் தெரிந்த முகம் ஒன்றைச் சந்திக்க அஞ்சியவரின் நிலை, விளம்பர நிறுவனங்களின் பட்டியலுக்கே தெரிந்துவிட்டது. மாதக் கட்டணம், காப்பீட்டில் பதிவாகாது என்ற வசதி ஆகியவற்றை மட்டும் பார்த்துச் சேர்வதைவிட, தன் மாநிலத்தில் உரிமம் பெற்ற ஒருவரைத் தேடி, அவர் பெயரையும் உரிம எண்ணையும் மாநில வாரியத்தின் தளத்தில் சரிபார்த்துச் சேர்வது பாதுகாப்பானது என்பது என் கருத்து.

செயற்கை நுண்ணறிவோடு பேசினால் மனிதரே தேவையில்லையே, ரகசியம் இன்னும் பத்திரமாகுமே என்ற எண்ணமும் பரவிவருகிறது. இத்துறையின் முன்னோடியாகக் கருதப்பட்ட வோபாட் செயலி 2025 ஜூனில் நிறுத்தப்பட்டது; அதே ஆண்டு ஆகஸ்டில் இல்லினாய் மாநிலம், செயற்கை நுண்ணறிவு தானாகச் சிகிச்சை அளிப்பதைச் சட்டத்தால் தடுத்தது. சொன்னதை நம்பி ஆறுதல் கூறும் கருவியைவிட, சொல்லாததைச் சந்தேகிக்கும் மனிதரே இத்தகைய நோயாளிக்குத் தேவை.

அந்த மனிதருக்கும் திரையில் தெரிவது தோளும் முகமும் மட்டுமே, அதுவும் நோயாளி தேர்ந்தெடுத்த வெளிச்சத்தில். மூச்சில் மது வாடை தெரியாது. எடை குறைந்தது தெரியாது. கால் நிலைகொள்ளாமல் ஆடுவது தெரியாது. நேர்த்தியாகப் பேசப் பழகிய ஒருவர் ஐம்பது நிமிடத்தை அலுவலகக் கூட்டம்போல் நடத்திமுடித்துவிடலாம். தைராய்டுக் குறைபாடும் இரத்தசோகையும் மனச்சோர்வுபோலவே தோன்றக்கூடும் என்பதால், தொடக்கத்திலேயே குடும்ப மருத்துவரிடம் ஒரு இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பாத இணையச் சேவை அரைகுறையானது. சில மாதங்கள் நாலு மணிநேரத் தூக்கத்தோடு அபாரமாக வேலை செய்தேன், இப்போது முடியவில்லை என்று சொல்பவருக்கு இருப்பது, மனம் சில காலம் மிதமிஞ்சி எழுந்தும் சில காலம் தாழ்ந்தும் போகும் இருமுனைக் கோளாறாக இருக்கலாம். கேள்வித்தாளை மட்டும் பார்த்து அவருக்கு மனச்சோர்வு மாத்திரையைத் தனியாக எழுதித் தருவது அவரைக் கட்டுக்கடங்காத எழுச்சிநிலைக்குத் தள்ளிவிடக்கூடும். தற்கொலை எண்ணம் திட்டமாக மாறியிருக்கும் நிலை, வாரம் ஒரு காணொலிக்குள் அடங்கக்கூடியதன்று. அமெரிக்காவில் இருப்பவர் 988 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். 2022 ஜூலை முதல் நாடு முழுவதற்கும் அந்த ஒரே எண்தான்.

யாருக்கும் தெரியாமல் சிகிச்சை பெறலாம் என்பதே பலரை முதல் அடி எடுத்துவைக்கச் செய்கிறது. அதைக் குறை கூறுவதற்கில்லை, அந்த வாய்ப்பு இல்லாவிட்டால் அவர்கள் வந்திருக்கவே மாட்டார்கள். ஆனால் மறைப்பதும் நோயின் ஒரு பகுதி. வீட்டிலிருந்து மறைத்துப் பெறும் சிகிச்சை நீளநீள, அது கட்டிக்காக்க வேண்டிய இன்னொரு வேலையாகிறது. பொய் சொல்ல வேண்டிய இன்னொரு மணிநேரமாகிறது. அனுபவமுள்ள சிகிச்சையாளர்கள் இதை முதல் வாரத்தில் கேட்பதில்லை. மதிப்பெண் இறங்கத் தொடங்கிய பிறகு, நீங்கள் இங்கே வருவது வீட்டில் யாருக்குத் தெரியும் என்று கேட்கிறார்கள். யாருக்கும் தெரியாது என்றால், சொன்னால் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள் என்பது அடுத்த சந்திப்பின் பொருளாகும்; சில சமயம் துணைவரும் ஒருமுறை அதே திரையின் முன் வந்து அமர்வார்.

பிஎச்க்யூ-9 மதிப்பெண் ஐந்துக்குக் கீழே வந்தால் நோய் தணிந்ததாகக் கொள்வார்கள். அதன் பின் சந்திப்புகளைக் குறைப்பதற்கு முன், மீண்டும் வராமல் தடுப்பதற்கான திட்டம் ஒன்று எழுதப்படும்: சோர்வு திரும்புவதற்கான முதல் அறிகுறிகள் எவை, அப்போது என்ன செய்ய வேண்டும், அவற்றை அருகிலிருந்து கவனித்துச் சொல்லக்கூடியவர் யார். மனச்சோர்வு ஒருமுறை வந்தவர்களுக்கு மறுமுறை வரும் வாய்ப்பு அதிகம் என்பதாலும், அது திரும்பும்போது நோயாளிக்கே கடைசியில்தான் தெரியும் என்பதாலும், மூன்றாவது கேள்விக்கு எதிரே வீட்டில் உள்ள ஒருவரின் பெயர் இல்லாத திட்டத்தை முடிந்ததாகக் கருதுவதற்கில்லை.